அணைத்த பிறகும் மினுங்கிய பல்பு

பல்பு எரியவில்லை என்றதும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சார். எல்.இ.டி. விளக்குகள் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. அவற்றுக்குப் பின்னால் மூடிக்குள் ஒரு சின்னப் பலகை இருக்கிறது. சுவரிலிருந்து வரும் முரட்டு மின்சாரத்தை ஒரே பக்கமாகத் திருப்பி, கெபாசிட்டரில் தேக்கி, அளந்து கொடுப்பது அதுதான். கெடுவதும் அதுதான். மலிவான பல்புகளில் விளக்குக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் நடுவே தடுப்பு எதுவும் கிடையாது.

பத்து வருடமாக நானும் அக்கா புருஷனும் அவர்கள் வீட்டு முன்னறையில் இதைத்தான் பழுது பார்த்தோம். பல்பை அணைத்தால், கெபாசிட்டரில் மிச்சமிருப்பது தீரும்வரை லேசாக மினுங்கும். அதைப் பார்த்து மாமா, "உசுரு போக அடம் பிடிக்குது பாரு மாப்ள, உங்க அக்கா மாதிரியே" என்பார். அடங்கும்வரை பொறுக்க மாட்டார். பலகையில் கை வைத்துவிடுவார். சுருக்கென்று கடிக்கும். சிரிப்பார்.

போன மாதம் அக்காவின் இடது கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார். எலும்பு முறிந்தது. மாவுக்கட்டோடு வந்தவள், "நீ ஒண்ணும் கேக்காதேடா, நான் பாத்துக்கறேன்" என்றாள். நான் கேட்கவில்லை.

மேசைக்கு வரும் இரண்டு வயர்களையும், மின்சாரம் வருவதையும் திரும்பிப் போவதையும், இடம் மாற்றினேன்; சுவிட்ச் இப்போது திரும்பிப் போகும் வயரை மட்டும்தான் துண்டிக்கும். இனி அணைத்தாலும் பல்புக்குள் மின்சாரம் நிற்கும். மினுக்கம் மட்டும் அடங்காது. தொழில் தெரிந்தவன் நிதானமாகப் பார்த்தால் புரிந்துவிடும். அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன் என்றே சொல்வேன்.

"என்னடா, இன்னும் மினுங்குது?"

"மிச்சம்தான் மாமா."

இரும்பு மேசையை ஒரு கையால் பிடித்தபடி மறு கையைப் பலகையில் வைத்தார். மின்சாரம் விடவில்லை. பற்கள் நாக்கைத் துண்டாக்கின. விரல் கருகும் வாசனை வந்தது. நான் தள்ளி நின்று பார்த்தேன்.

சத்தம் கேட்டு வந்த அக்கா மெயின் சுவிட்சை நோக்கி ஓடினாள். பிடித்தேன். "விடுடா, செத்துருவாருடா" என்று திமிறினாள். என் பிடியில் மாவுக்கட்டு விரிசல் விட்டது. பிறகு அதற்குள் ஏதோ முறிந்தது. அவர் அசைவது நிற்கும்வரை நான் விடவில்லை.

அக்கா என்னைப் பார்க்க மறுக்கிறாளாம். கையில் புதுக் கட்டு போட்டிருக்கிறார்களாம். ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், சார். அவள் கையை உடைத்தவனைத்தான் நான் கொன்றேன்.