வீக்கம் இல்லையென்றால் பயம் வேண்டாம்

டீக்கு நன்றி. காவலர் பழனாத்தாள் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் போட்டார். இப்படிப்பட்ட சின்ன அன்புகளில்தான் உலகம் நிற்கிறது என்று நம்புகிறவன் நான். இன்ஸ்பெக்டர் அய்யா, நடந்ததை என் கைப்படவே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுவது எனக்குச் சிரமம் இல்லை. யார் படித்தாலும் புரிகிற மாதிரி எழுதப் பழகியவன்.

என் பெயர் லட்சுமணசாமி. பீளமேட்டில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வரும் ‘வீட்டுக்கு ஓர் அறிவியல்’ பத்தி நான் எழுதுவது. பால் ஏன் பொங்குகிறது, இடி இடிக்கும்போது ஏன் தென்னைக்கு அடியில் நிற்கக்கூடாது என்பது போன்ற விஷயங்கள். உங்கள் வீட்டிலும் யாராவது படித்திருக்கலாம்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. காரமடைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு பாக்குத் தோப்பு இருக்கிறது. கதிரேசனும் அவர் மனைவி மெர்சியும் அங்கேயே குடியிருந்து தோப்பைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் மகள் கிருபாவுக்குப் பள்ளிச் சீருடை, செருப்பு எல்லாம் என் செலவுதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ரங்கநாதரைக் கும்பிட்டுவிட்டுத் தோப்புக்குப் போவேன். பத்திரிகைக்கு அனுப்பும் முன்பு கட்டுரையை மெர்சிக்கு வாசித்துக் காட்டுவேன். அவர் பாக்கு உரித்துக்கொண்டே கேட்பார். எந்த வாக்கியத்தில் அவர் கை நின்று புருவம் சுருங்குகிறதோ, அந்த வாக்கியத்தை எடுத்துவிடுவேன். மெர்சிக்குப் புரியாதது யாருக்கும் புரியாது என்பது என் கணக்கு.

கதிரேசன் கேலி செய்வார். “சார் எழுதறது பத்தாதுன்னு இவ வேற பரீட்சை வெக்கிறா பாருங்க. பத்தாவதுல கணக்குல பெயிலாகிக் கோட்டு அடிச்சவளுங் சார்.”

“அறிவியல்ல நாந்தான் மொத மார்க்கு. அதையுஞ் சேத்துச் சொல்றது” என்பார் மெர்சி.

பாம்புக்கடி பற்றி எழுதியபோதும் அப்படித்தான். பாம்பு தீண்டினால் நம் பக்கத்தில் செய்கிற காரியங்கள் உங்களுக்குத் தெரியும். கயிற்றை இறுக்கிக் கட்டிக் காலையே அழுக விடுவார்கள். பிளேடால் கீறுவார்கள். விஷமில்லாத பாம்பு கடித்தும் பயத்திலேயே சுருண்டு விழுகிறவர்கள் உண்டு. அந்தப் பயத்தைப் போக்க நினைத்தேன். கடித்த இடம் வீங்கி வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வீக்கமும் வலியும் இல்லையென்றால் பயம் வேண்டாம் என்று எழுதினேன். அதற்கு அடுத்து ஒரு வாக்கியம் இருந்தது: கட்டுவிரியன் மட்டும் இதற்கு விலக்கு, அது கடித்தால் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது, வயிறு வலிக்கும், கண்ணிமை சரியும், நாக்குக் குழறும், பிறகு மூச்சு நிற்கும்.

அங்கே மெர்சியின் கை நின்றது.

“ஏனுங் சார், மொதல்ல பயப்படாதீங்கன்னு சொல்லிப்போட்டு, அடுத்த வரியிலயே பயப்படுங்கன்னா, சனங்க எதைத்தானுங்க புடிச்சுக்கறது?”

நியாயமான கேள்வி. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.

நான் எழுதியவற்றில் அதற்குக் கிடைத்த வரவேற்பு வேறு எதற்கும் கிடைக்கவில்லை. நோட்டீஸாக அச்சடித்து உழவர் சந்தையில் கொடுத்தார்கள். மெர்சி அதைக் கத்தரித்து மோட்டார் ரூம் சுவரில் ஒட்டி வைத்தார். என்னிடம் படித்து இப்போது மருத்துவராக இருக்கும் ஹர்ஷிணி மட்டும் போன் செய்தாள். “சார், கட்டுவிரியனை விட்டுட்டீங்களே. அடுத்த வாரமே ஒரு திருத்தம் போட்டுருங்க சார், ப்ளீஸ்.” அந்தப் பெண் எப்போதுமே கொஞ்சம் பதற்றக்காரி. பார்க்கலாம் அம்மணி என்றேன். திருத்தம் போட்டால் இதுவரை எழுதிய எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வரும். மெல்ல வளர்த்த நம்பிக்கை அது. என் கட்டுரைகள் புத்தகமாக வரும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. பாம்புக் கட்டுரைதான் அதில் முதலாவது. தலைப்பும் அதுதான்.

வெளியீட்டு விழா அன்று காலை நான் வேட்டி கட்டிக்கொண்டிருந்தேன். மாவட்டத்தின் பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. பள்ளி நூலகங்களுக்கு வாங்குவார்கள் என்றும் பேச்சு. அப்போது மெர்சி போன் செய்தார்.

தோப்புக்கு மும்முனை மின்சாரம் விடியற்காலையில்தான் வரும். மோட்டார் போடுவதற்காகக் கதிரேசன் மோட்டார் ரூமிலேயே தரையில் பாய் விரித்துப் படுப்பார்.

“சார், மெர்சி பேசறனுங்க. இவரு காலுல ஏதோ சுருக்குன்னுச்சாமுங்க. எந்திரிச்சுப் பாத்தா செவுத்தோரமா ஒண்ணு போயிருக்குது. கருப்பா, வெள்ள வெள்ளயா கோடு போட்டாப்ல இருந்துச்சாம்.”

வீக்கம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“இல்லீங் சார். நீங்க எழுதுனதப் படிச்சுப் படிச்சு அமுக்கிப் பாத்துட்டனுங்க. வலியும் இல்லீங்கறாரு. வயிறுதான் புடிச்சு இழுக்குதாம். கண்ணு தொறக்க முடியாமச் சொக்குதுங்கறாரு. கருக்கல்லயே எந்திரிச்சதுங்க, தூக்கமாத்தான் இருக்கோணும். சஹீர் தம்பி பாக்கு ஏத்த வண்டியோட வந்திருக்குது. ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்தரலாம்ங்குது. போகட்டுங்களா, இல்ல தூங்க உடட்டுங்களா?”

பின்னால் சஹீரின் குரல் கேட்டது. “பேசிட்டு நிக்காதீங்கக்கா. பாக்கு இன்னிக்கு இல்லீன்னா நாளைக்கு ஏறும்.”

அதற்கும் பின்னால் கதிரேசன். “சார்கிட்டச் சொல்லு… இன்னொரு கட்டுரைக்கு மேட்டரு கெடச்சுப்போச்சுன்னு.” அவர் சிரித்தார். நாக்குக் குழறியது.

“பயப்படாதீங்க அம்மணி. தூங்கட்டும்” என்றேன்.

“சரிங் சார். நீங்க சொன்னாப் போதுங்க. விழா நல்லபடியா நடக்கட்டுங்க.”

யார் போனில் என்று என் மனைவி கேட்டாள். தோப்பிலிருந்து, ஒன்றுமில்லை என்றேன். கூட்டத்தில் போன் அடிப்பது அநாகரிகம் என்பதால் அப்போதே அணைத்து வைத்தேன்.

விழா நன்றாக நடந்தது. ஏற்புரையில் மெர்சியைப் பற்றித்தான் பேசினேன். என் வாக்கியங்களை வெட்டுகிற ஆசிரியர் ஒரு பாக்குத் தோப்பில் இருக்கிறார், இந்தப் புத்தகம் பாதி அவருடையது என்றேன். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் போனைப் போட்டேன். மெர்சி திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தார். சஹீர் லோடு இறக்கிவிட்டு மனசு கேட்காமல் திரும்ப வந்திருக்கிறார். அப்போது கதிரேசனால் இமையைத் தூக்க முடியவில்லை. காலிச் சாக்குகளின் மேல் கிடத்தி மேட்டுப்பாளையம் கொண்டுபோயிருக்கிறார்கள். போய்ச் சேரும் முன்பே மூச்சு நின்றிருந்தது. கட்டுவிரியன், விடிந்ததும் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம்.

சாவு வீட்டுக்குப் போனேன். சர்ச்சிலிருந்து வந்தவர்கள் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். மெர்சி என்னைப் பார்த்ததும் எழுந்தார். “ஆராச்சும் சாருக்கு ஒரு சேர் போடுங்க. வெயில்ல வந்திருக்காரு, தண்ணி குடுங்க” என்றார். புருஷனின் உடலுக்குப் பக்கத்திலிருந்து அதைச் சொன்னார். நான் தண்ணீரைக் குடித்தேன்.

பிறகு என் பக்கத்தில் வந்து குனிந்து சொன்னார். “நாந்தாஞ் சரியாப் பாக்கலீங் சார். வீக்கம் இருந்திருக்கும். எங் கண்ணுக்குத்தான் தெரியாமப் போயிருச்சு. நீங்க தெளிவாத்தான எழுதியிருந்தீங்க.”

“இருக்கலாம் அம்மணி. மனசைத் தேத்திக்குங்க” என்றேன்.

இதை நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுத்தின் மேல் இருந்த நம்பிக்கையும் அந்த நேரத்தில் போய்விட்டால் அவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்? நாளைக்குக் கிருபாவுக்குக் காய்ச்சல் வந்தால் மந்திரிக்கிறவரிடம் அல்லவா போவார்? அவரிடம் எஞ்சியிருந்த ஒன்றைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. ஈமச் செலவு முழுவதும் நானே பார்த்தேன்.

போன வாரம் கிருபா எங்கள் வீட்டுக்கு வந்தாள். தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறாள். “அம்மா தூங்கறதே இல்லீங்க. என் காலை எடுத்து மடியில வெச்சு அமுக்கி அமுக்கிப் பாக்குது. வீங்கியிருக்குதா, வீங்கியிருக்குதான்னு என்னையே கேக்குது. இல்லம்மான்னா நம்பமாட்டீங்குது. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க சார். நீங்க சொன்னாக் கேக்கும்.” அவளுக்கு இட்லி கொடுத்து, பத்திரமாக பஸ் ஏற்றிவிட்டேன்.

என் புருஷனைக் கொன்னது நாந்தானுங்க, என்னையப் புடிச்சு உள்ள போடுங்க என்று மெர்சி உங்கள் ஸ்டேஷனுக்கே வந்தாராம். நீங்கள் ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். மறுநாளும் வந்திருக்கிறார். நேற்று தோப்புக் கிணற்றின் விளிம்பில் நின்றவரைச் சஹீர்தான் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார். இன்னொரு முறை சஹீர் அங்கே இருப்பார் என்பது நிச்சயமில்லை.

அதனால்தான் வந்தேன். என்னை யாரும் அழைக்கவில்லை. தூங்கட்டும் என்று சொன்னது நான். கதிரேசன் இறந்தது என்னால். தயவுசெய்து இதை மெர்சிக்கு வாசித்துக் காட்டுங்கள். தன் மேல் தப்பில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும். இதைக் கேட்ட பிறகும் அவர் கிணற்றுப் பக்கம் போவாரானால் நான் செய்வதற்கு வேறு எதுவும் இல்லை.

கையெழுத்துப் போடும் முன், பழைய வழக்கப்படி, இதைப் பழனாத்தாளுக்கு வாசித்துக் காட்டினேன். ரிஜிஸ்டரில் கோடு போட்டுக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். மெர்சி போன் செய்த இடத்தில் அவர் கை நின்றது.

“ஏனுங் சார், அது கட்டுவிரியன்னு தெரிஞ்சேதான் தூங்கச் சொன்னீங்களா? கருப்புல வெள்ளக் கோடுன்னு அந்தக்கா சொன்னவுடனே தெரிஞ்சுபோச்சுன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு வெளங்கலீங்களே. தெரிஞ்சும் ஒரு மனுசன் எதுக்குங்க அப்படிச் சொல்லுவான்?”

அவரைக் குறை சொல்ல முடியாது. மெர்சிக்கும் அதே இடத்தில்தான் கை நின்றிருக்கும். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துவிட்டேன். இனி இது எல்லோருக்கும் புரியும்.