ஜாடி வரட்டும்

என் பெயர் கெசையா பிராட். வயது முப்பத்தொன்று. காலஞ்சென்ற ஆசகேல் பிராட்டின் மனைவி. இலினாய் மாநிலத்தில் ராக் ஆற்றின் வடகரையில், கருவாலி என்னும் ஓக் மரத் தோப்பை அடுத்த நிலத்தில் குடியிருக்கிறேன். சொந்த ஊர் வெர்மான்ட். இந்த 1835ஆம் வருடம் ஜூன் மாதம் எங்கள் கொட்டகையைத் தூக்கி நிறுத்திய அன்று என் கணவர் இறந்தது குறித்து, கனம் மாஜிஸ்திரேட் அவர்கள் கேட்க, வேதாகமத்தின் மேல் கை வைத்துச் சொல்வதாவது:

வெர்மான்டில் எங்களுக்கு இருந்த பண்ணையை என் கணவர் குடித்தே அழித்தார். அதனால்தான் மேற்கே வந்தோம். இங்கே வந்தும் குடித்தார். சென்ற குளிர்காலத்தில் சபை மூப்பர் எலிஹு கிரேன் நடத்தும் மதுவிலக்குச் சங்கத்தில் சேர்ந்து, இனித் தொடுவதில்லை என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு தொடவில்லை. என்னை அடிக்கவும் இல்லை. அந்த வகையில் சங்கத்துக்கு நான் நன்றியுள்ளவள். அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு வசந்தத்தில் கொட்டகைக்கு மரம் வெட்டி, செதுக்கி, தரையிலேயே சட்டங்களாகக் கோத்து வைத்தார். எங்கள் பக்கத்தில் கொட்டகை எழுப்புவது ஒரு வீட்டு வேலை அல்ல. சுற்றுவட்டாரத்து ஆண்கள் எல்லாரும் வந்து தூக்க வேண்டும். கூலி கிடையாது. சாப்பாடும் விஸ்கியும் வீட்டுக்காரர் பொறுப்பு. விஸ்கி கொடுப்பதில்லை என்று என் கணவர் சொன்னபோது நான், "ஒரு ஜாடி வாங்கி வைங்களேன். அவங்க குடிக்கட்டும், நீங்க குடிக்க வேணாம்" என்றேன். அவர், "கையெழுத்துப் போட்ட கையால ஊத்திக் கொடுக்கச் சொல்றியா?" என்றார். மூப்பர் கிரேனும் சபையில் எழுந்து, சங்கத்தார் அனைவரும் வந்து விஸ்கி இல்லாமலே தூக்கிக் காட்டுவோம், ஊரே பார்த்துத் திருந்தட்டும் என்றார். எல்லாரும் கை தூக்கினார்கள்.

குறித்த நாளில் சங்கத்தார் மூன்று பேர் வந்தார்கள். மற்றவர்கள் மூப்பருடன் கவுன்டி தலைநகருக்குப் போய்விட்டார்கள். கிழக்கேயிருந்து ஒரு பெரிய பேச்சாளர் வந்து குடியின் தீமையைப் பற்றிப் பேசுகிறாராம். கேட்காவிட்டால் ஆகாது போலிருக்கிறது.

மற்றபடி வந்து நின்றவர்கள் எல்லாம் குடிக்கிறவர்கள்தான். அழைக்காமலே வந்தவர்களும் உண்டு. ஜீனஸ் டட்டில் என்பவர் மேஸ்திரி. எங்கள் ஆற்றங்கரைக் கொட்டகைகள் பெரும்பாலும் அவர் குரல் கொடுத்து எழும்பியவை. நான் இஞ்சியும் வெல்லப்பாகும் காடியும் கலந்த தண்ணீரை வாளியில் கொண்டு வைத்தேன். ஜீனஸ் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏம்மா, பேறுகாலத்துக்குக்கூட என் பொண்டாட்டி இதைத் தொடமாட்டா. இதைக் குடிச்சிட்டு நாங்க கருவாலி மரத்தைத் தூக்கணுமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். சண்டை எதுவும் இல்லை.

அதன் பிறகு முதல் சட்டத்தைக் கையால் தோள்மட்டம் தூக்கி, அங்கிருந்து முனையில் இரும்புக் கூர் வைத்த நீளக் கழிகளால் குத்தி மேலே தள்ளினார்கள். என் கணவர் ஒரு தூணின் அடியில் குனிந்து, அது விலகாமல் குழிக்குள் இறங்கும்படி கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார். சட்டம் பாதி எழுந்ததும் ஜீனஸ், "நிறுத்துங்கடா" என்றார். எல்லாரும் கழிகளில் தாங்கி நின்றார்கள். அதன் பிறகு எல்லாருமாக, "ஜாடி வரட்டும்! ஜாடி வரட்டும்!" என்று கூவினார்கள்.

இது எங்கள் பக்கத்து வழக்கம். ஒவ்வொரு கொட்டகையிலும் நடக்கும். வீட்டுக்காரர் ஓடிப்போய் ஜாடியைத் தூக்கிக் காட்டுவார், இவர்கள் ஆரவாரம் செய்து சட்டத்தை ஒரே மூச்சில் நிமிர்த்துவார்கள். உடனே ஜாடி வந்துவிடும் என்பதால் பாதியில் நிற்கிற சட்டம் எவ்வளவு கனக்கும் என்று யாருக்கும் தெரிய வேண்டி இருந்ததில்லை.

என் கணவர் குனிந்தபடியே, "ஜாடி இல்ல ஜீனஸ். தள்ளுங்கப்பா" என்றார். ஜீனஸ், "அப்போ உங்க சங்கத்துக்காரங்க வந்து தள்ளட்டும். எங்கய்யா அவங்க?" என்றார். மறுபடி சிரிப்பு. நான், "விளையாட்டு போதும், தூக்குங்க" என்று கத்தினேன். முதலில் விட்டுக்கொடுக்க ஜீனஸுக்கும் மனம் இல்லை, என் கணவருக்கும் மனம் இல்லை. பிறகு சிரிப்பு நின்றது. கழி பிடித்தவர்களின் கைகள் நடுங்குவதைப் பார்த்தேன். ஜீனஸ் முகம் மாறி, "தள்ளு, தள்ளு" என்று கத்தினார். அதற்குள் ஒரு கழி நழுவியது. மற்றவர்கள் கழிகளைப் போட்டுவிட்டு விலகி ஓடினார்கள். குனிந்திருந்தவரால் ஓட முடியவில்லை.

அதன் பிறகு அதே ஆட்கள் அதே சட்டத்தை விஸ்கி கேட்காமல் தூக்கினார்கள். என் கணவரை வெளியே எடுத்தார்கள். உயிர் இல்லை.

அடக்கத்துக்கு மறுநாள் மூப்பர் கிரேன் வீட்டுக்கு வந்து, "சகோதரி, அவனுங்க குடிச்சிருந்தானுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். ஆசகேலோட சாவு நாலு பேருக்குப் பிரயோஜனப்படும்" என்றார். நான், "அவரு உயிரோட இருந்தப்பவே எனக்குப் பிரயோஜனமாத்தாங்க இருந்தாரு" என்றேன். அவர், "நிலத்து ஆபீஸ்ல நீதான் இங்க குடியிருந்து உழுதேன்னு யாராவது சத்தியம் பண்ணணுமே. நான் பண்றேன். நீ இதைப் பண்ணு" என்றார். நிலம் இன்னும் அரசாங்கத்தின் பேரில்தான் இருக்கிறது. அந்தச் சத்தியம் இல்லாவிட்டால் ஏலத்துக்குப் போய்விடும்.

அதன் பிறகு ஜீனஸின் மனைவி டார்கஸ் ஒரு பன்றித் தொடையோடு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, அண்ணனுக்குக் கால் வழுக்கிடுச்சுன்னு சொல்லிடுங்க. எங்க வீட்டுக்காரரு உங்களுக்காகச் சத்தியம் பண்ணுவாரு" என்றார். பன்றித் தொடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கும் பசிதான்.

அவர்களில் ஒருவரும் குடித்திருக்கவில்லை. வாசனை இல்லை. குடிக்க எங்கள் இடத்தில் ஒரு சொட்டும் இல்லை. அதற்காகத்தானே எல்லாம் நடந்தது. தெளிந்த புத்தியோடு செய்தார்கள். என் கணவர் கால் வழுக்கவும் இல்லை. நின்ற இடத்தில் நின்றார். யாரும் கொல்ல வேண்டும் என்று செய்யவில்லை. கொன்றார்கள். வருவதாகக் கை தூக்கியவர்கள் வந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

இனி எனக்காகச் சத்தியம் செய்ய இரண்டு பக்கத்திலும் ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். எங்களுக்கு முன் அந்த நிலத்தில் பயிர் செய்த சாக் இந்தியப் பழங்குடி மக்களின் சோள மேடுகள் இன்றும் கலப்பையில் இடிக்கின்றன. அவர்களுக்காகவும் யாரும் அந்த ஆபீஸ் படி ஏறவில்லை. நானும் ஏறவில்லை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டக் கேட்டேன். அதில் "குடிபோதையில் இருந்த ஆட்கள்" என்று ஓரிடத்தில் இருந்தது. அது நான் சொன்னது அல்ல. மாஜிஸ்திரேட் அவர்களும் சங்கத்தில் உறுப்பினர் என்பதை அறிவேன். அந்தச் சொற்களை அடிக்கச் சொன்னேன். அடித்த இடத்தில் என் பெயரின் முதலெழுத்தை வைத்தேன்.

மிச்சம் உள்ளது முழுவதும் நான் கண்டது, நான் சொன்னது.

(ஒப்பம்) கெசையா பிராட்