தண்ணீருக்கு வழிவிட்ட மதில்

தலைமை தாங்கும் கிராம சேவையாளர் அவர்களே, ஆலய பரிபாலன சபையினரே, பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, கண்ணீரோடு அமர்ந்திருக்கும் அமரரின் துணைவியார் புஸ்பம் அக்கா, மகள் கம்சாயினி, என் அன்புக்குரிய பெரியோரே, தாய்மாரே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

இந்தக் கூட்டம் கால் மணி நேரம் பிந்தித் தொடங்கியிருக்கிறது. எங்கள் குடியேற்றச் சங்கத் தலைவர், அமரர் உதயரூபன் ஐயா இருந்திருந்தால் இதற்கு விட்டிருப்பாரா? பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்த மனிதர். தலைவரான பிறகும் எங்களை பஸ்ஸைப் போல நேரம் பார்த்துத்தான் நடத்தினார்.

சுனாமியன்று கல்லடியில் அவருடைய வீட்டையும் பெற்ற தாயையும் கடல் கொண்டுபோனது. அழுதுகொண்டே அகதி முகாமில் விசில் ஊதிச் சோற்றுக்கு வரிசை பிடித்தவர் அவர். அங்கிருந்து நேரே இந்த வெளிக்கு வந்தார். அன்றைக்கு இது வெறும் வயல். மாரித் தண்ணீர் முஸ்லிம் பக்கத்து எங்கள் ஒழுங்கைகளில் இருந்து தமிழ்ப் பக்கத்து உங்கள் வாய்க்கால் வழியாக ஓடி வாவியில் விழும்.

யுத்தம் முடிந்தது. வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் இருந்தும் சனம் வந்தது, வெளிநாட்டுக் காசும் வந்தது. நமது ஊரில் பெண் பிள்ளைக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுத்தாக வேண்டும். தமிழருக்கும் அப்படித்தான், எங்களுக்கும் அப்படித்தான். மகளுக்கு வீடு கட்டுகிறவன் பக்கத்து வளவைவிட ஒரு முழம் கிரவல் மண் உயர்த்திப் போடாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள். அடுத்தவன் அதற்கு மேலே இன்னொரு முழம். மதில்களும் வாய்க்காலுக்குள் நகர்ந்தன. ஐயா மகள் கம்சாயினிக்குக் கட்டிய வீட்டு மதிலும் அதில் ஒன்று. ஐயாவும் மனிதர்தானே.

அடுத்த மாரியில் என்ன நடந்தது? எங்கள் அடுப்புகளுக்குள் தண்ணீர் நின்றது. 'தமிழர் வேணுமென்று மறித்துப்போட்டார்கள்' என்று எங்கள் பக்கத்தில் பேச்சு. 'முஸ்லிம்கள் தண்ணியைத் தள்ளிவிடுகிறார்கள்' என்று உங்கள் பக்கத்தில் பேச்சு. இரண்டு பக்கமும் மதில் இடிக்கிற அலவாங்குக் கம்பியோடு வாய்க்கால் கரையில் நின்றோம். துவக்குச் சத்தம் ஓய்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. நானும் முன்வரிசையில்தான் நின்றேன், அதை மறைக்க மாட்டேன்.

அப்போதுதான் ஐயா இடுப்பளவு தண்ணீரில் வந்தார். விசிலை ஊதினார்.

"முதல்ல என்ட மகள்ட மதிலை உடையுங்க. புறகு மத்தவங்கட வாசலுக்குப் போவம்" என்றார்.

கம்சாயினியின் கலியாணத்துக்குப் பத்து நாள்கூட இல்லை. மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று புஸ்பம் அக்கா தலையில் கை வைத்துவிட்டார். அலவாங்கை வாங்கி முதல் அடி அடித்தது யார் தெரியுமா? இதோ, இந்தக் கம்சாயினி. "கலியாணம் பிந்தினாப் பிந்தட்டும் அப்பா. தண்ணி பிந்தாது" என்றாள். தகப்பனைப் போலவே பிள்ளை!

பின்னேரத்துக்குள் எல்லா மதிலும் விழுந்தது. யார் வீட்டு மதில் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே சேற்றில் நின்று உடைத்தோம். தண்ணீர் வாவிக்குப் போனது. கலியாணமும் நடந்தது, அதே நாளில், அதே முகூர்த்தத்தில். மாப்பிள்ளையே வந்து மண் அள்ளினாரே, மறக்க முடியுமா? இப்படி ஒரு தலைவரோடு உப தலைவராக இருந்தேன் என்று சொல்லும்போது இந்தச் சரீபின் நெஞ்சு நிமிர்கிறது.

சபையோரே, நகரம் இன்னும் வளரும். அதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் தேவையில்லை. ஆனால் வாய்க்கால் முனையில் மறுபடியும் கிரவல் லொறிகள் நிற்கின்றனவே, அவற்றை யார் மறிப்பது? ஐயா இல்லை. நாங்கள்தான் மறிக்க வேண்டும். மறிப்போம், இரண்டு பக்கமும் சேர்ந்தே மறிப்போம்.

என் மகள் ஸகியாவுக்கு வீடு கட்ட வாய்க்கால் கரையில் அத்திவாரம் வெட்டியிருந்தேன். நேற்று உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்து அதை மூடிவிட்டேன், ஐயா. வாய்க்காலை விட்டு உள்ளே தள்ளி வேறு அத்திவாரம் வெட்டுகிறேன். அறை ஒன்று குறையும். மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொல்லிவிட்டேன்.

மாரி வரப்போகிறது. நீங்கள் நிம்மதியாகப் போங்கள், டைம் கீப்பர் ஐயா. தண்ணீர் நேரத்துக்கு வாவிக்குப் போய்ச் சேரும்.