சம்பந்தி வீட்டுக் கேமியோ

எர்சிலியா: அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஜன்னல மறைச்சுக்கிட்டா நான் எதைப் பாக்கறது?

நுன்சியா: தள்ளிட்டேன், தள்ளிட்டேன். சொல்லு. போலிதான?

எர்சிலியா: இன்னும் கையிலயே எடுக்கல!

நுன்சியா: எடுக்காமலே தெரியுமே உனக்கு. சங்குல முகம் செதுக்கி சட்டையில குத்திக்கற கேமியோ, இந்த டோரே ஊர்ல பாதி வீட்டோடது உன் மேஜைக்கு வந்துட்டுத்தான போகுது.

எர்சிலியா: யாரோடது இது?

நுன்சியா: பொண்ணு வீட்டுல எனக்குக் குடுத்தது. ஞாயித்துக்கிழமை எம் பையன் அனியெல்லோவுக்குக் கல்யாணம்ல... பொண்ணு ஓர்னெல்லாவோட அம்மா செஞ்ச முறை.

எர்சிலியா: சம்பந்தி ஆசையா குடுத்ததை எடுத்துக்கிட்டு நேரா இங்கயா?

நுன்சியா: ஏன், ஜாக்கிரதையா இருந்தா தப்பா?

எர்சிலியா: தப்பே இல்ல. இந்தாங்க, கன்னத்துல வெச்சுப் பாருங்க.

நுன்சியா: சில்லுனு இருக்கு.

எர்சிலியா: பிளாஸ்டிக் இப்படிக் குளிராது.

நுன்சியா: எங்க வீட்டு பீரோகூடத்தான் சில்லுனு இருக்கு. அடுத்தது?

எர்சிலியா: ஜன்னலுக்கு நேராப் பிடிக்கறேன். பின்பக்கமாப் பாருங்க. முகம் தெரியுதா?

நுன்சியா: தெரியுது... தேன்ல முக்கின மாதிரி.

எர்சிலியா: சங்குன்னாதான் வெளிச்சம் இப்படி உள்ள ஊறும். முதுகைத் தடவுங்க.

நுன்சியா: குழியா இருக்கு.

எர்சிலியா: சங்கோட வளைவு அது.

நுன்சியா: அச்சுல ஊத்தறவன் முதுகையும் வளைச்சே ஊத்தலாம்ல?

எர்சிலியா: ஊத்தலாம்... உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியும்?

நுன்சியா: கேள்விப்பட்டதுதான். லென்ஸை வெச்சுப் பாரு, லென்ஸை வெச்சு!

எர்சிலியா: அவசரப்படுத்தாதீங்க... ம்... இந்த முடியப் பாருங்க. ஒவ்வொரு இழையும் உளி போன தடம். ஒண்ணு ஆழம், ஒண்ணு மேலாப்புல. காதுகிட்ட உளி வழுக்கியிருக்கு. அதை அப்படியே ஒரு பூவா மாத்திட்டான், கெட்டிக்காரன். வார்த்ததுன்னா ஓரமெல்லாம் மழுங்கியிருக்கும், நடுநடுவுல காத்துக் குமிழி.

நுன்சியா: குமிழி ஒண்ணுகூடவா இல்ல? நல்லாப் பாரு.

எர்சிலியா: இல்லக்கா. எல்லாரும் அசல்னு சொல்லச் சொல்லி வந்து நிப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் போலின்னு சொல்லச் சொல்லிக் கெஞ்சறீங்க.

நுன்சியா: நான் எங்க கெஞ்சினேன்?

எர்சிலியா: என்ன, கல்யாணத்தை நிறுத்தணுமா?

நுன்சியா: வாயக் கழுவு! தங்கமான பொண்ணு அது.

எர்சிலியா: அப்போ?

நுன்சியா: ...கதவைச் சாத்து, சொல்றேன்.

எர்சிலியா: சாத்திட்டேன்.

நுன்சியா: நாங்களும் பொண்ணுக்கு ஒண்ணு குடுத்தோம்ல... எங்க மாமியாரோட கேமியோ.

எர்சிலியா: திராட்சைக் குலையோட ஒரு பொண்ணு முகம் செதுக்கினதுதான? பார்த்திருக்கேனே.

நுன்சியா: அது உடைஞ்சு ஆறு வருஷம் ஆச்சு.

எர்சிலியா: எப்படி?

நுன்சியா: அப்பப்ப எண்ணெய் தடவணும், காய விட்றாதன்னு அந்தம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. நான் ஹீட்டருக்கு மேல இருந்த அலமாரில போட்டவ, மறந்தே போயிட்டேன். ஒரு நாள் எடுத்தா... கழுத்தோட ரெண்டா விரிஞ்சு கிடக்கு.

எர்சிலியா: அண்ணன்கிட்ட சொல்லலயா?

நுன்சியா: சொல்றதா? அவங்கம்மாவ நானே கொன்ன மாதிரி ஆகியிருக்கும். நேப்பிள்ஸ்ல ஒருத்தன் உடைஞ்சத ஒட்டி, அதுலயே அச்செடுத்து ஊத்திக் குடுத்தான். அவருக்கு வித்தியாசமே தெரியல.

எர்சிலியா: அதைத்தான் ஓர்னெல்லாவுக்கு...

நுன்சியா: ஊரே பாக்க அவரே அவ சட்டையில குத்திவிட்டாரு. 'எங்கம்மா உனக்காகவே வெச்சிட்டுப் போனது'ன்னு சொல்லி அழுதாரு வேற. நான் பக்கத்துல பல்லக் காட்டிட்டு நின்னேன். இப்போ இவங்க குடுத்ததும் போலின்னா... சரிக்குச் சரி ஆயிடும்ல? நானும் கொஞ்சம் நிம்மதியா இருப்பேன்.

எர்சிலியா: இது அசல், அக்கா.

நுன்சியா: கொஞ்சம்கூட சந்தேகம் இல்லயா?

எர்சிலியா: இல்ல.

நுன்சியா: சரி, குடு... ஆமா, அந்தப் பொண்ணு என்னிக்காவது எங்களோடத உன்கிட்ட எடுத்துட்டு வந்தா... என்ன சொல்லுவ?

எர்சிலியா: செவ்வாக்கிழமையே வந்துட்டா.

நுன்சியா: மாதாவே!

எர்சிலியா: சந்தேகப்பட்டு வரல. ஊசி லொடலொடன்னு ஆடுதுன்னு இறுக்க வந்தா. கையில வாங்கினதும் என் மூஞ்சி மாறினத அவளே பார்த்துட்டுக் கேட்டா. கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன், அக்கா.

நுன்சியா: இத்தனை நேரம் எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்டுட்டிருந்தியா? ...என்ன சொன்னா அவ?

எர்சிலியா: 'ஐயோ, அத்தைய யாரோ ஏமாத்திட்டாங்க, பாவம். அவங்களுக்குத் தெரியவே கூடாது'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா. அப்புறம் ஊசிய நல்லா இறுக்கச் சொன்னா, ஞாயித்துக்கிழமை கோயில்ல அதைத்தான் குத்திக்கப் போறாளாம்.