கத்தியைக் காக்க வைத்த டாக்டர் லோர்னா

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, லோர்னாவின் கணவர் ஐவர் ஹாக்லண்ட் அவர்களே, வெனாச்சிப் பள்ளத்தாக்கின் தோட்டங்களிலிருந்தும் பழக்கிடங்குகளிலிருந்தும் அறுவடை வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, தகப்பன்மார்களே, வணக்கம்.

குழந்தைகளின் கதிரியல் நிபுணர் டாக்டர் லோர்னா ஹாக்லண்ட் நம்மிடையே இல்லை. அவர் எக்ஸ்ரே படமெடுத்துச் சொல்ல, அதை நம்பி அறுவை செய்தவன் நான், ரஸ்ஸல் டீட்ஸ். என்னைக் 'கத்திக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்.

பிறந்த குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் அவர் ஒரு நிமிடம் பொறுப்பாரா? பொறுக்கவே மாட்டார்! குடல் முறுக்கியிருப்பது படத்தில் தெரிந்தால், கட்டிலைத் தானே அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார். அப்படிப்பட்டவர்தான் ஒருமுறை என்னைக் காக்க வைத்தார்.

பழக்கிடங்கில் ஆப்பிள் அடுக்கும் மாரிசெலா ஓச்சோவாவுக்கு ஒரு பெண் பிறந்தாள். கருவிலேயே சிறுகுடல் நடுவில் அறுந்து, கீழ்ப்பகுதி ஒரே ஒரு ரத்தக்குழாயைச் சுற்றிச் சுருண்டிருந்தது. ஆப்பிள் தோல் குடல் என்போம். இரு முனைகளையும் இணைத்துத் தைத்தேன். லோர்னா ஓர் ஆப்பிளை உரித்து, தொங்கிய தோலைக் காட்டித் தாய்க்கு விளக்கினார். நாங்கள் உரித்தால் இதைவிட நீளமாக வரும் என்றாராம் மாரிசெலா. லோர்னா சிரித்தபடியே மீதி ஆப்பிளைத் தின்றுவிட்டார்.

வாரங்கள் போயின. பால் இறங்கவில்லை. தைத்த இடம் அடைத்துவிட்டதென்று நான் மறு அறுவைக்கு நாள் குறித்தேன். லோர்னா குழந்தைக்குப் படத்தில் வெள்ளையாகத் தெரியும் சாயமருந்து புகட்டிப் படமெடுத்தார். மருந்து இணைப்பில் போய் நின்றது. பார்த்தீர்களா, அடைப்பு என்றேன். அடைப்பில்லை, தாய் வயிற்றிலேயே புடைத்துக் கிடந்த மேல்குடல் சோர்ந்திருக்கிறது என்றார். தாயைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, விட்டுவிட்டுப் படமெடுத்தார். நான் வாசலில் குட்டி போட்ட பூனையாக அலைந்தேன்.

மாலையில், இணைப்பைத் தாண்டி ஒரு வெள்ளைக் கோடு இறங்கியது. யாரைக் கூப்பிட்டார்? என்னையா? மாரிசெலாவைத் திரைமுன் நிறுத்தினார்.

"இதான் பால் போற வழியா டாக்டரம்மா?"

"ஆமாம்மா. மெதுவாத்தான் போகும். ஆனா போகும்."

பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"கத்திய உள்ள வைங்க கத்திக்காரரே. இன்னும் வெட்டி எறிய இந்தப் புள்ளகிட்ட குடல் மிச்சம் இல்ல."

வெட்டியிருந்தால் அவள் ஆயுள் முழுக்க நரம்பு வழியாகத்தான் உணவு ஏற்றியிருப்போம். இன்று ஆப்பிளைத் தோலோடு கடித்துத் தின்கிறாள். அவள் தாய் இதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.

இத்தனை உரிமையோடு என்னை அதட்டியவர் வேறு யார்? அந்த அதட்டலுக்கு இனி எங்கே போவேன்? லோர்னா, உங்கள்மேல் எனக்கு அவ்வளவு பிரியம். இருந்தபோது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அன்பர்களே, நாளைக் காலை லோர்னாவின் அதே அறைக்கு ஒரு பச்சைக் குழந்தை வருகிறது. படமெடுக்க அவர் இருக்க மாட்டார். அவரிடம் பயின்றவர்கள் இருப்பார்கள், மேசையருகே அந்தத் தாய்க்கு நாற்காலி இருக்கும். பொறுக்க வேண்டிய குழந்தையென்றால் பொறுத்திருப்போம். இந்த அவைமுன் வாக்களிக்கிறேன். திரையில் தெரிவதை முதலில் அந்தத் தாய் பார்க்கட்டும். எனக்கு அப்புறம் காட்டினால் போதும்.