நிலவறையின் கடைசிப் படி

பியர் காய்ச்சுகிற வீடு, பாண் சுடுகிற வீடு மாதிரி மணக்கும். எனக்கு அந்த மணம் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியை வெறுத்துச் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது.

என் கணவர் இராசரத்தினத்துக்கு டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் துணி ஆலையில் வேலை. ஓய்வு நாட்களில் ஸ்கொட்லாந்துப் பாணியில் கடும் பியர் காய்ச்சுவார். முளைத்த பார்லியின் சாற்றை, கருகிய சீனியின் நிறம் வரும்வரை மணிக்கணக்காக வற்றவைப்பார். பிறகு குளிர்ந்த நிலவறையில் நான்கு பீப்பாய்களில் நொதிக்க விடுவார். சூடு ஏறாமலிருக்கத் தோட்டப் பக்கத்துச் சன்னலைப் பூட்டியே வைப்பார். நொதிக்கும்போது எழும் வாயு கனமானது. தரையோடு தேங்கும், அதற்குள் மூச்சுவிட முடியாது. ஆகவே முதலில் நான் சாமியறை விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பேன். எரிந்தால் அவர் இறங்குவார். அணைந்தால் சன்னலைத் திறந்துவிட்டுக் காத்திருப்போம். எட்டு வருட வழக்கம்.

அந்த மே மாதம் யுத்தம் முடிந்தது. என் தங்கை ரஜிதா வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். அவளுக்காக ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் இருந்தேன். மாதக் கடைசிச் சனிக்கிழமை அவருடைய டெனிஷ் நண்பர்கள் ருசி பார்க்க வந்தார்கள். போன வருடப் போத்தல்களைத் திறந்தார். நான் கட்லட் பொரித்துப் பரிமாறினேன். சிரித்தேன்.

பத்து நாள் கழித்து, கோயிலில் ஞானேஸ்வரி அக்கா என் கையைப் பிடித்தார்.

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எல்லாம் ஒழுங்காச் செய்தனீங்களோ?"

"ஆருக்கு?"

அவர் கையை விட்டுவிட்டார்.

ரஜிதா ஏப்ரல் கடைசியில் வவுனியா ஆஸ்பத்திரியில் இறந்திருந்தாள். செய்தி எங்கள் வீட்டுத் தொலைபேசிக்குத்தான் வந்தது. எடுத்தவர் என் கணவர். அதற்கு நான்கு நாள் முந்தி ரஜிதாவே அழைத்து, அக்காவோடு கதைக்கவேணும் என்று அவரிடம் கேட்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டேன். கத்தவில்லை.

"செத்தவீடு எண்டால் போத்தல் திறக்கேலுமே? அவையளுக்கு எப்பவோ சொல்லி வச்சது. பிறகு ஆறுதலாச் சொல்லுவம் எண்டு இருந்தனான், சுசீலா."

"இன்னும் ஆறுதல் வரேல்லையோ?"

"எல்லாம் உன்ரை நல்லதுக்குத்தானப்பா."

அடுத்த நாள் பின்னேரம் விளக்கை இறக்கினேன். கடைசிப் படியைத் தொட முன்பே அணைந்தது.

"என்ன மாதிரி?" குசினியிலிருந்து கேட்டார்.

"எரியுது. இறங்குங்கோ."

கீழேயிருந்து ஒருமுறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு விழுந்த சத்தம். நான் கதவைச் சாத்தினேன். விருந்தில் மிஞ்சிய போத்தல் ஒன்றைத் திறந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குடித்தேன். முதலில் கித்துள் பாணி போல இனிப்பு, பிறகு லேசான கசப்பு, நெஞ்சுக்குள் சூடு. மெதுவாகக் குடிக்கவேண்டும் என்று அவர் சொல்வது சரிதான். முடித்த பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

நீங்கள் இதைக் கொலை என்கிறீர்கள். அவர் ஒரு விஷயத்தை என்னிடம் சொல்லாமல் விட்டார். நானும் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான். அவர் மறைத்தது நாற்பத்துமூன்று நாள். நான் நாற்பது நிமிடம்கூட மறைக்கவில்லை.