மூன்று சென்டிமீட்டர் வலப்பக்கம்

அலமாரிக்குள் தட்டு அடிக்கிறவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு, சுவர் நேராக இருக்கிறது என்று நம்பிவிடுவது. பழைய வீட்டில் எந்தச் சுவரும் நேராக இருக்காது. கட்டிய கொத்தனார் அன்றைக்கு என்ன மனநிலையில் இருந்தார் என்பது ரசமட்டம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் வீட்டுச் சுவர் மேலே ஒரு விரலளவு முன்னால் சாய்ந்திருக்கிறது. பின்னால் அட்டைத் துண்டு கொடுத்துத்தான் அதைச் சரிசெய்தேன்.

தமிழிலேயே எழுதலாம் என்று இன்ஸ்பெக்டர் ஹைக்கல் சொன்னது உதவியாக இருக்கிறது. மலாயில் பேசவும் எழுதவும் எனக்கு வரும். ஆனால் வீட்டு விஷயம் வீட்டு மொழியில்தான் ஒழுங்காக வரும். நடுவில் எழுந்து நடந்தால் தப்பாக நினைக்க வேண்டாம். ஓர் இடத்தில் உட்கார்ந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. "உனக்குக் கால்ல சக்கரம்டா" என்று அக்கா சொல்வாள். கையில் ஒரு வேலை இருந்தால் மட்டும் கொஞ்சம் அடங்கும். அதனால் சனி ஞாயிறென்றால் வீட்டில் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருப்பேன். ஒழுகாத குழாய்க்குக்கூட வாஷர் மாற்றியிருக்கிறேன்.

என் பெயர் ஜீவேந்திரன். வயது முப்பத்தேழு. கடலுக்கு அந்தப் பக்கம் பிறையில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு டெக்னீஷியன். சுங்கை பினாங்கில் அப்பா விட்டுப்போன வீட்டில் நானும் அக்கா குணவதியும் இருந்தோம். அம்மா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அக்கா ஒரு கிளினிக்கில் கவுன்டர் வேலை பார்த்தாள். காலையில் அவள் தேநீர் போட்டுக் கொடுப்பாள், நான் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலம் ஏறுவேன். சாயங்காலம் வந்தால் சோறு இருக்கும், அவள் இருப்பாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அவளுக்கும் போதுமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

போன வருஷம் நடுவில் லோகேஸ்வரன் வந்தார். புக்கிட் தெங்காவில் வீடு, அங்கேயே ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவர். தன் அம்மா புஷ்பவள்ளிக்குச் சர்க்கரை பார்க்க அக்காவின் கிளினிக்குக்குக் கூட்டி வந்து பழக்கம். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, இதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். வரும்போதெல்லாம் எனக்கென்று தனியாக ரொட்டி சானாய் வாங்கி வருவார். ஜனவரிக் கடைசியில் பதிவுத் திருமணம் என்று முடிவாயிற்று. அக்காவுக்கு வேலை இங்கே என்பதால் அவர் எங்கள் வீட்டுக்கு வருவார், பிறகு அம்மாவையும் அழைத்துக்கொள்வார் என்று பேச்சு.

எங்கள் வீட்டில் அறை இரண்டுதான்.

"தம்பி, நீங்க பிறையிலயே ஒரு ரூம் பாத்துக்கலாம்லா. தெனம் பாலம் ஏறி எறங்குற அலைச்சல் மிச்சம்" என்றார் ஒருநாள், ரொட்டியைப் பிரித்துத் தட்டில் வைத்துக்கொண்டே.

"நானும் அதான்டா சொல்றேன்" என்றாள் அக்கா. "உனக்குன்னு ஒரு வாழ்க்கை வேணாமா?"

அவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததே என் வாழ்க்கைக்குள்தான். எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தமாகத்தான் இருந்தது. ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து கேட் கீலுக்கு எண்ணெய் போட்டேன்.

அப்பா அம்மா இருந்த அறையை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். அங்கே சுவருக்குள் குடைந்து கட்டிய அலமாரி ஒன்று உண்டு, உள்ளே ஓர் ஆள் நிற்கலாம். பலகையெல்லாம் கரையான் அரித்திருந்தது. அதில் கிடந்த என் சாமான்களை அக்கா மூன்று அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே 'தம்பி' என்று எழுதி வாசல் பக்கம் வைத்துவிட்டாள். நானாகத்தான் சொன்னேன், புதுத் தட்டு நான் அடித்துத் தருகிறேன், கல்யாணத்துக்கு என் அன்பளிப்பாக இருக்கட்டும் என்று. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

டிராக் வைத்த தட்டு நல்ல ஏற்பாடு. வரிசையாகத் துளை போட்ட இரண்டு இரும்புப் பட்டைகளைச் சுவரில் செங்குத்தாகத் திருகிவிட்டால் போதும். துளையில் பிராக்கெட்டை மாட்டி மேலே பலகையை வைத்துக்கொள்ளலாம். சேலைக்கு ஒரு உயரம், கோப்புக்கு ஒரு உயரம் என்று எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். டத்தோ கிராமட்டில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வாங்கினேன். கடைக்காரரே பாராட்டினார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லோகேஸ்வரன் அந்த அலமாரிக்குள் மின்சாரம் தாக்கி இறந்தார். பதிவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அன்று உங்கள் ஆட்களிடம் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. மெயின் சுவிட்ச் பற்றி அவர் கேட்டாரா என்றார்கள். "அடைச்சாச்சா" என்று கேட்டார், "அடைச்சாச்சு" என்றேன் என்று சொன்னேன். நடந்தது அதுதான். எங்கள் பேச்சில் விளக்கை அணைப்பது கிடையாது. லைட்டை அடைப்போம், ஃபேனை அடைப்போம், மெயினையும் அடைப்போம். சுவரில் ஓட்டை விழுந்தாலும் புட்டிப் பசை பூசி அடைப்போம். மலாயில் போட்டாலும் இரண்டுக்கும் 'துத்துப்' என்கிற ஒரே சொல்தான், மொழிபெயர்த்தவருக்குக் கஷ்டமே இல்லை. அப்போது என் கையில் புட்டிக் கரண்டி இருந்தது. அவர் கேட்டது மெயினை, நான் சொன்னது ஓட்டையை, அதையும் சொன்னேன். விபத்து என்று முடித்தார்கள். பக்கத்து வீட்டு சபூரா அக்கா என் தலையைத் தடவி, "பாவம்லா நீ, ஒத்த வார்த்தையில போச்சே" என்று அழுதார்.

கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். கேட்காததை இப்போது எழுதுகிறேன்.

எந்த ஓட்டையை அடைத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. வலது பக்க டிராக்குக்கு முதலில் சரியான இடத்தில்தான் மூன்று ஓட்டை போட்டேன். நல்ல செங்கல், திருகாணி கெட்டியாகப் பிடித்திருக்கும். அவற்றைப் புட்டி வைத்து அடைத்துவிட்டு டிராக்கை மூன்று சென்டிமீட்டர் வலப்பக்கம் தள்ளி அடித்தேன். தட்டு உட்கார அது பெரிய வித்தியாசமில்லை.

அந்த இடத்தில் சுவருக்குள் மின்கம்பி ஓடுவது யாருக்குத் தெரியும், பழைய வீடாயிற்றே என்று உங்கள் ஆட்களே பேசிக்கொண்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. அக்காவுக்கு முதுகு வலி, சுடுதண்ணீர் வேண்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன் ஹீட்டர் வாங்கினோம். அதற்குக் கம்பி இழுத்தவன் நான்தான். தூக்குக்குண்டு பிடித்து நேர்கோடாக இழுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் இடம் சொல்வேன்.

கசிவு வந்தால் தானாக விழுகிற சுவிட்ச் ஏன் விழவில்லை என்று ஒருவர் கேட்டார். இடி இடித்தாலே விழுந்து தொந்தரவு கொடுக்கும், அதனால் எடுத்துவிட்டேன் என்றேன். அதுவும் உண்மை. எப்போது எடுத்தாய் என்று அவர் கேட்கவில்லை. அந்த வாரம் வியாழக்கிழமை எடுத்தேன்.

சனிக்கிழமை காலை அக்கா பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தாள். டிராக்கைத் திருகி முடித்து, கரண்ட் பார்க்கிற டெஸ்ட் பென்னை அதன்மேல் வைத்தேன். பென்னுக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது, டிராக் முழுக்க மின்சாரம். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த ஒரு முறை என் கால் எங்கும் போகத் துடிக்கவில்லை. வேண்டுமானால் அப்போதும் நிறுத்தியிருக்கலாம். சரியான ஓட்டைகளில் புட்டி இன்னும் காயக்கூட இல்லை.

லோகேஸ்வரனைக் கூப்பிட்டு, உள்ளே தூசியாக இருக்கிறது, ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள் என்றேன். தரையைத் துடைத்தார், அவ்வளவு நறுவிசாக. நம் வீடுகளில் செருப்பு வாசலோடு சரி, உள்ளே வெறுங்கால்தான். துடைத்து நிமிர்ந்து, பிராக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு டிராக்கைப் பார்த்தார். அவரும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர்தானே.

"தம்பி, அடைச்சாச்சா?" என்றார்.

நான் அவரை எப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். "இன்னும் என்னடா அண்ணே நொண்ணேன்னு, அத்தான்னு கூப்புடு" என்று அக்கா பலமுறை கடிந்திருக்கிறாள். பதிவு முடியட்டும் என்று நழுவிக்கொண்டே வந்தேன். அவருக்கு அதில் ஒரு சின்ன மனத்தாங்கல் இருந்தது எனக்குத் தெரியும்.

"அடைச்சாச்சு அத்தான்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. சொல்ல வந்ததை மறந்தவர்போல் ஒரு நிமிஷம் என்னையே பார்த்துச் சிரித்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, இடது கையால் டிராக்கைப் பிடித்துக்கொண்டு பிராக்கெட்டை மாட்டினார்.

மெயின் சுவிட்ச் வாசல் பக்கம் இருக்கிறது. நான் நடந்து போனேன். ஓடவில்லை. வழியில் அந்த மூன்று பெட்டிகள் கிடந்தன, அவற்றைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தேன். பிறகு மெயினை அடைத்தேன். அக்கா பையோடு வந்து பார்த்து அலறினாள். "மெயின அடைச்சியாடா? அடைச்சியா இல்லையா?" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "அடைச்சிருக்கேன்க்கா, போய்ப் பாரு" என்றேன். போய்ப் பார்த்தாள். அடைத்துத்தான் இருந்தது.

எல்லாம் முடிந்தால் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். அக்கா அழுவாள், கொஞ்ச நாளில் தேறுவாள், தேநீர் போடுவாள். என் கணக்கில் விழுந்த ஒரே தவறு அதுதான். பதினாறாம் நாள் காரியத்துக்கு புக்கிட் தெங்கா போனவள் திரும்பி வரவில்லை. "அம்மாவுக்கு யாருடா இருக்கா? நான் இங்கயே இருந்துக்குறேன்" என்றாள் போனில். புஷ்பவள்ளி அவளுக்கு அம்மாவாம். பதிவுகூட நடக்கவில்லை.

அவளுக்கு என்மேல் சந்தேகம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் வந்து சண்டையாவது போட்டிருப்பாள். நான் தனியாக அந்த வீட்டில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தேன். தட்டுகளை முடித்தேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போனேன். புஷ்பவள்ளி என்னைத் தன் பிள்ளைபோல் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார். அவர் அறையிலும் ஒரு பழைய அலமாரி இருக்கிறது, தட்டு தொங்கிப்போய். அவர் கை கழுவிவிட்டு வந்தபோது நான் அதை அளந்துகொண்டிருந்தேன். பின்பக்கச் சுவரில் எது ஓடுகிறது என்றுகூடப் பார்த்துவிட்டேன். "செஞ்சு குடுக்குறியா தம்பி?" என்று கேட்டார். வயதானவரைத் தொந்தரவு செய்வது நியாயமில்லை என்று தோன்றியது. யோசித்துப் பார்த்ததில் அதைவிட நல்ல வழி ஒன்று இருந்தது. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

ஆகவே இதில் குழப்பம் எதுவும் இல்லை. லோகேஸ்வரனைக் கொன்றது நான். வார்த்தை தவறவில்லை, கையும் தவறவில்லை.

இப்போது கட்டாயத் தூக்கு இல்லை, முப்பது நாற்பது வருஷம் உள்ளே வைப்பார்கள் என்று படித்தேன். எனக்குச் சம்மதம். கைதியைப் பார்க்கக் குடும்பத்தார் வரலாமாமே. படிவத்தில் ஒரே ஒரு பெயர் எழுதியிருக்கிறேன். குணவதி, அக்கா. இந்த வாக்குமூலத்தை அவளிடம் முழுதாகப் படித்துக் காட்டுங்கள். கேட்டதும் கிளம்பி வந்துவிடுவாள். எனக்கு அவளை விட்டால் யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.